தண்டவாளத்தின் மேல் கை

"இதை இனிமே ஒருத்தரும் ஓட்ட முடியாதபடி பண்ணித் தரணும், டீச்சர்."

சந்தியாகு தகரப் பெட்டியை மேசைமேல் வைத்தார். வைத்ததும் சூடு பட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார்.

மைமூன் டீச்சர் ஒரு தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். தொழிற்பயிற்சிப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் வயர்மேன் பாடம் நடத்தியவர். இப்போது தூத்துக்குடியில் சொந்தக் கடை. வயது நாற்பத்திரண்டு. சந்தியாகுவுக்கு அறுபத்து மூன்று. அவருக்கும் மைமூன் டீச்சர்தான்.

டீச்சர் பெட்டியைத் திறந்து பார்த்தார். சிவப்பு எஞ்சின் ஒன்று. எஞ்சினோடு மாட்டும் மூன்று பெட்டிகள். வளைந்த தண்டவாளத் துண்டுகள். அடியில் ஒரு கறுப்பு டிரான்ஸ்பார்மர்.

"விளையாட்டு ரயிலா?"

"ஆமா. கரண்டுல ஓடுறது."

"வேண்டாம்னா உடைச்சுப் போடுங்களேன், அண்ணாச்சி."

"சுத்தியலத் தூக்கினேன். அடிக்க வரல."

"யாருக்காவது கொடுங்க."

"வாங்குறவன் பிளக்குல சொருகிருவான்."

"கடல்ல போடுங்க."

"வலையில மாட்டும். எவனாவது கழுவி வீட்டுக்குக் கொண்டு போவான்."

டீச்சர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"இது ஓடுதா?"

"தெரியாது. அம்பத்திரண்டு வருஷமா பெட்டியத் தொறக்கல."

"ஓடாததை எப்படி நிறுத்த? மொதல்ல ஓட வைங்க. பெறகு நிறுத்துவோம்."

"யாரு, நானா?"

டீச்சர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை அவர் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி காயில் கட்டப் போய்விட்டார்.

சந்தியாகு வாசல்வரை போனார். பெட்டியை விட்டுப் போகப் பயம். எடுத்துப் போகவும் பயம். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டு, உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

*

துறைமுக எடைமேடையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர் அவர். லாரி லாரியாக உப்பும் நிலக்கரியும் அவர் கண்முன்னால் ஏறி இறங்கின. எதற்கும் பயந்தவர் இல்லை. கடலில் விழுந்த ஒரு கூலியாளைக் குதித்துத் தூக்கியிருக்கிறார்.

வீட்டில் மட்டும் வேறு ஆள்.

மனைவி பிலோமினா மிக்ஸியில் கை வைத்தால் அவர் தெருவுக்குப் போய்விடுவார். அவள் துணியை இஸ்திரி போட்டால் தெருமுனைவரை போவார். மோட்டார் போடுங்க என்றால், "நீயே போடு, நான் தள்ளி நிக்கேன்" என்பார். கரண்டு போனால்தான் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வரும்.

ஏன் இந்தப் பயம் என்று முப்பது வருடம் கேட்டுப் பார்த்துவிட்டு பிலோமினா கேட்பதை நிறுத்திவிட்டாள். போன வாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டியை அவள் எடுத்துக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

*

முதல் நாள் அவர் எஞ்சினை மட்டும் எடுத்தார்.

டீச்சர் சொல்லச் சொல்ல நான்கு திருகுகளைக் கழற்றினார். உள்ளே மசகு உறைந்து பிசின்போல் ஆகியிருந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தார். ஒரு பல்சக்கரத்தைத் துடைக்க அரை மணி நேரம் ஆனது.

மறுநாள் தண்டவாளத் துரு. அதற்கடுத்த நாள் சக்கரங்கள். நாலாம் நாள் பார்த்தால், எஞ்சினுக்குள் கரண்டைக் கடத்தும் இரண்டு கரித்துண்டுகள் பொடிந்துபோயிருந்தன. பழைய மிக்ஸி ஒன்றிலிருந்து வேறு இரண்டை எடுத்து, அரத்தில் ராவி, அந்த அளவுக்குக் கொண்டுவந்தார்.

டீச்சர் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

ஆறாம் நாள் செய்வதற்கு வேறொன்றும் மிச்சமில்லை.

"அந்தக் கறுப்பு டிரான்ஸ்பார்மர் பெட்டி?" என்றார் டீச்சர்.

"அதை விட்ருவோம்."

"அது இல்லாம ஓடாதே."

"அதை விட்ருவோம், டீச்சர்."

தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சந்தியாகு அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பா கப்பல்ல சமையல்காரர். வெளிநாட்டுத் துறைமுகத்துல வாங்கிட்டு வந்தது இது. எனக்கு பதினொண்ணு. தம்பி லியோனுக்கு எட்டு. மழை பெஞ்சு வீடெல்லாம் ஈரம். ரெண்டு தடவை போட்டேன், அணைச்சேன். சூடாகி ஒரு வாடை வந்துச்சு. சக்கரம் சரியா உக்காரலன்னு தம்பி கைய வச்சான். போடு அண்ணேன்னான்."

அன்று சுவிட்சைப் போட்ட தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் கறுப்புப் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"தொறங்க."

*

மூடியைக் கழற்றும்போது மூன்று தடவை ஸ்க்ரூ டிரைவர் நழுவியது.

உள்ளே எல்லாம் கருகிக் கிடந்தது. வீட்டுக் கரண்டு வருகிற சுற்றும் ரயிலுக்குப் போகிற சுற்றும் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. இரண்டும் தொடாமல் நடுவில் வைத்திருந்த தாள் சாம்பலாகியிருந்தது.

"அடியில என்ன எழுதியிருக்கு?"

அவர் துடைத்துப் பார்த்தார். "நூத்திப்பத்துன்னு இருக்கு."

"அந்த ஊர்க் கரண்டு நூத்திப்பத்து வோல்ட். நம்ம ஊர்க் கரண்டு இருநூத்திமுப்பது. ரெண்டு மடங்கு உள்ள போயிருக்கு. தாளு எரிஞ்சுபோச்சு. வீட்டுக் கரண்டு அப்படியே தண்டவாளத்துக்கு வந்துட்டு."

சந்தியாகு அந்த எழுத்தை விரலால் தடவினார்.

"அப்பா பாக்கலையே," என்றார். "அதுக்கப்புறம் அப்பா கப்பலே ஏறல. அப்ப... கொன்னது நான் இல்லையா? அப்பாவா?"

டீச்சர் கருகிய சுற்றை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"யார் பேரு எழுதியிருக்கு?"

அவர் சுற்றையும் பெட்டியின் அடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு ஒண்ணும் இல்ல."

"என்னதான் இருக்கு?"

"நூத்திப்பத்து."

"அவ்வளவுதான் இருக்கு."

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று அவர் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். காரணம் கையில் இருந்தது. பயம் போகவில்லை.

*

புது டிரான்ஸ்பார்மருக்கு அவரே காயில் கட்டினார்.

ஒவ்வொரு சுற்றாக விரலால் தடவி, ஒன்றை ஒட்டி ஒன்றாகப் படுக்க வைத்தார். நடுவில் வைக்கும் தாளை ஒன்றுக்கு மூன்றாக வைத்தார். ஒரு இடத்தில் கம்பியின் பூச்சு லேசாகக் கீறியிருப்பதுபோல் தோன்றியது. டீச்சர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவர் முழுதையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கட்டினார். மேலே பூசிய வார்னிஷ் காய மூன்று நாள் விட்டார்.

பிறகு, டீச்சரையும் கடைக்கு வந்திருந்தவர்களையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தன்னந்தனியாகச் சுவிட்சைப் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். பதினாறு வோல்ட்; தொட்டாலும் ஒன்றும் செய்யாத அளவு. அணைத்தார். போட்டார். பதினாறு வோல்ட்.

டீச்சர் உள்ளே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தண்டவாளத்தைப் போடுங்க," என்றார் டீச்சர்.

சிமெண்டுத் தரையில் தண்டவாளத்தை வட்டமாகக் கோத்தார். எஞ்சினை வைத்தார். மூன்று பெட்டிகளையும் மாட்டினார். வயர்களை இணைத்தார்.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். வலது உள்ளங்கையை விரித்துத் தண்டவாளத்தின் மேல் அழுத்தி வைத்தார்.

"சுவிட்சைப் போடுங்க."

சந்தியாகு சுவிட்சை விட்டுப் பின்வாங்கினார்.

"கைய எடுங்க, டீச்சர்."

"மீட்டர் வச்சுப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"எத்தனை தடவை?"

"ஒம்பது."

"ஒரு தடவையாவது மாறிச்சா?"

"இல்ல. கைய எடுங்க."

"சரி. நீங்க வைங்க. நான் போடுதேன்."

டீச்சர் கையை எடுத்தாரோ இல்லையோ, சந்தியாகு முழங்காலிட்டு இரண்டு கைகளையும் தண்டவாளத்தின் மேல் வைத்துவிட்டார். கைகள் நடுங்கவே இல்லை.

டீச்சர் சுவிட்சைப் போடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இல்லையா?"

"இதுல என்ன பயம்?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. தண்டவாளத்தின் மேல் இருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தார்.

"எழும்புங்க," என்றார் டீச்சர். "இடத்தை மாத்துவோம்."

*

அவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார். டீச்சரின் கை மறுபடி தண்டவாளத்தின் மேல் இருந்தது. பார்க்கப் பார்க்க அது சின்னதாகிக்கொண்டே போனது. நகத்தில் அழுக்கு இருந்தது. ஈரமாக இருந்தது. எட்டு வயதுக் கையாக இருந்தது.

ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தார்.

"டீச்சர். ஒருவேளை..."

"ஒருவேளைதான்."

"உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"காயில் நான் கட்டல, அண்ணாச்சி. நீங்க கட்டுனது. எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்." டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "கைய எடுக்கவா? வைக்கவா?"

சந்தியாகு தான் கட்டிய டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார்.

மனதுக்குள் முதல் சுற்றிலிருந்து தொடங்கினார். விரலில் கம்பியின் வழுவழுப்பு திரும்ப வந்தது. இது சரி. இதுவும் சரி. அவிழ்த்துக் கட்டிய இடம். மூன்று தாள், அவற்றின் ஓரம் மடங்கியிருக்கிறதா? இல்லை. முடிச்சு. வார்னிஷ். மீட்டரின் முள். ஒவ்வொன்றாகப் போய்க் கடைசிவரை வந்தார். ஓட்டை எங்கேயும் இல்லை.

பயமும் அப்படியே இருந்தது. கொஞ்சம்கூடக் குறையவில்லை.

"வைங்க," என்றார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

ஒரு சின்ன முனகல் கேட்டது. பிறகு கடகடவென்று ஏதோ உருண்டது. பிறகு நின்றுவிட்டது.

"டீச்சர்?"

கண்ணைத் திறக்காமலே மறுபடி கூப்பிட்டார்.

"டீச்சர்!"

"கண்ணத் தொறங்க, அண்ணாச்சி. கையில இடிக்கி."

எஞ்சின் டீச்சரின் விரல்களில் முட்டிக்கொண்டு, போக இடம் கேட்டுச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் கையைத் தூக்கினார். அது புறப்பட்டது. மூன்று பெட்டிகளும் ஆடிக்கொண்டே பின்னால் போயின.

சந்தியாகு டீச்சரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கை முந்தானையில் தூசியைத் துடைத்தது. முக்காலியைப் பிடித்தது. எழுந்தது.

"அன்னைக்கும் இந்த வேகத்துலதான் ஓடிச்சா?" என்றார் டீச்சர்.

சந்தியாகு அந்த நாளை முழுக்கத் தேடினார்; ஓடுகிற ரயில் அதில் எங்கும் கிடைக்கவில்லை.

"அன்னைக்கு ஓடவே இல்ல, டீச்சர்," என்றார் மெதுவாக. "இது ஓடி நான் பாத்ததே இல்ல."

"அப்ப பாருங்க."