பித்தளைக் கிண்ணத்துச் சூனியம்

ஏழு கடலுக்கு அப்பால், வெயில் விருந்தாளி மாதிரி எப்போதாவது எட்டிப்பார்க்கும் இங்கிலாந்து தேசத்தை முன்னொரு காலத்தில் ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி அவருக்கு. ஒருவனைச் சிறையில் போடுவார், போட்டதை மறந்துவிட்டு, "அவன் ஏன் விருந்துக்கு வரவில்லை?" என்று கோபித்துக்கொள்வார்.

அவர் சபையில் தார்ன்பி பிரபு என்று ஒரு பெரியவர். வாலிபத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துக் கிறங்கியவர். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் தனக்கில்லை என்று சீக்கிரமே அவருக்குப் புரிந்துவிட்டது. 'கண்டுபிடிக்கிறவர்களுக்குச் சோறாவது போடலாமே' என்று, பாட்டன் கட்டிய மாளிகையைப் பண்டிதர்களுக்கு விட்டுவிட்டார். ஒருவர் தவளையை அறுத்துப் பார்ப்பார். ஒருவர் கண்ணாடி தேய்த்து நிலாவைப் பார்ப்பார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சண்டை போடுவார்கள். ராஜாவுக்கு ஒரு வாரம் நிலாவின் மேல் கோபம் வரும், மறுவாரம் தவளையின் மேல். ஒவ்வொரு முறையும் பிரபுதான் போய்ப் பதில் சொல்லிவிட்டு வருவார். ஆராய்ச்சியை ஆசைதீரப் பார்த்த நாள் குறைவு. அதற்காக வாதாடிய நாள்தான் அதிகம். இப்படியே தலை நரைத்துவிட்டது.

ராஜாவின் வேட்டைக்கு அதிகாரி ஹக்ஸ்டன் துரை. குதிரை லாடத்தை வெறுங்கையால் நிமிர்த்துகிற புஜபலம். தார்ன்பி மாளிகையின் மேல் அவருக்கு வெகுநாளாய் ஒரு கண்.

ஒருநாள் சபையில் துரை மெல்ல ஆரம்பித்தார். "மகாராஜா, பிரபுவின் பண்டிதர்கள் இப்போது காற்றை எடைபோடுகிறார்களாம். காற்றுக்குப் பாரமும் பலமும் உண்டாம். நம் வேட்டை நாய்கள் மழையில் நனைகின்றன. அந்த மாளிகையை அவற்றுக்குக் கொடுத்தால் பிரயோசனமாவது இருக்கும்."

ராஜா சிரித்தார். "நல்ல யோசனை. பிரபுவே, காற்றின் பலத்தை நாளைக்கு இங்கே காட்டும். காட்டாவிட்டால் மாளிகை நாய்களுக்கு."

'இன்னும் ஒரு தடவையா?' என்று பிரபுவுக்கு அலுப்பாக இருந்தது. "ஆகட்டும் அரசே," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பிரபு ஆம்ப்ரோஸ் பண்டிதரை அழைத்துக்கொண்டு, அவருடைய காற்றை உறிஞ்சும் பம்போடும் இரண்டு பித்தளைக் கிண்ணங்களோடும் வந்தார்.

"துரை, காற்றைப் பற்றித் தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று பிரபு கேட்டார்.

"என் கட்டைவிரலுக்குக்கூடக் காணாது."

"அப்படியானால் இந்தக் கிண்ணங்களைப் பாருங்கள். பூட்டு உண்டா? பசை உண்டா?"

துரை கிண்ணங்களை வாயோடு வாய் வைத்துச் சேர்த்தார், பிரித்தார். ஒன்றும் இல்லை. பிறகு ஆம்ப்ரோஸ் அவற்றைச் சேர்த்துவைத்து, உள்ளேயிருந்த காற்றைப் பம்பினால் உறிஞ்சி, துவாரத்தின் திருகை மூடிக் கொடுத்தார்.

"இப்போது பிரியுங்கள்."

துரை இழுத்தார். முகம் பீட்ரூட்டாய்ச் சிவந்தது. இரண்டு காவலர்கள் ஒரு பக்கம், துரை மறுபக்கம் நின்று இழுத்தார்கள். கிண்ணம் அசையவில்லை. சபையில் யாரோ இருமுகிற சாக்கில் சிரித்தார்கள்.

"மகாராஜா, இது சூனியம்!" என்றார் துரை.

ராஜாவின் முகம் கறுத்தது. அந்தத் தேசத்தில் சூனியக்காரர்களுக்கு ஒரே தண்டனை, நெருப்பு. ஆம்ப்ரோஸ் பம்பை விட்டுவிட்டுப் பிரபுவின் பின்னால் ஒதுங்கினார். பிரபுவிடமோ பயப்படக்கூடத் தெம்பு மிச்சமில்லை.

"துரை சொல்வது சரிதான் அரசே," என்றார். "உள்ளே இருப்பது சூனியம்தான். அதாவது ஒன்றுமே இல்லை. வெளியில் இருக்கும் காற்று அமுக்கிப் பிடித்திருக்கிறது. துரை, அந்தத் திருகைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்."

துரை திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. கிண்ணங்கள் அவர் கையிலேயே இரண்டாகப் பிரிந்தன.

"பாருங்கள் அரசே, சூனியத்தை எடுத்துவிட்டார். எடுக்கத் தெரிந்தவனுக்கு வைக்கவும் தெரியும் என்று சொல்வார்கள். இது மந்திரம் என்றால் மந்திரவாதி யாரென்று தாங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மந்திரம் இல்லையென்றால், துரையின் புஜபலத்தை ஜெயித்தது காற்று."

துரை அவசரமாகக் கிண்ணங்களைக் கீழே வைத்தார். "மந்திரமெல்லாம் இல்லை மகாராஜா. காற்றுதான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து ஓய்ந்தார். "மாளிகை பண்டிதர்களுக்கே. பிரபுவே, உமக்கென்று ஏதாவது கேளும்."

பிரபு யோசித்தார். பட்டமா, நிலமா? எதை வைத்து என்ன செய்ய?

"உட்காரவேண்டும் அரசே," என்றார்.

சபை திகைத்தது. ராஜாவுக்கு முன்னால் உட்காருவது அந்தத் தேசத்தில் யாருக்கும் இல்லாத உரிமை. ராஜா அந்தக் கிழவரைச் சற்று நேரம் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"ஹக்ஸ்டன், ஒரு நாற்காலி கொண்டுவாரும்," என்றார்.

காவலன் ஓடினான். ராஜா தடுத்தார். "உன்னை இல்லை. துரையைச் சொன்னேன்."

துரை தம் கையாலேயே தூக்கிவந்து போட்டார். பிரபு உட்கார்ந்து காலை நீட்டினார்.

"சரி பிரபுவே, நிலாவில் மலை இருக்கிறதாமே, அது எப்படி?" என்று ராஜா உற்சாகமாக ஆரம்பித்தார்.

பிரபு தூங்கிப்போயிருந்தார். எழுப்பப் போன சேவகனை ராஜா கையமர்த்தினார். அதற்குப் பிறகு அன்றைய சபை முழுவதும் எல்லோரும் குசுகுசுவென்றே பேசினார்கள்.