தாசையன் காது

"டீச்சர், நம்ம கோயில் பியானோவைத் திருப்பி அனுப்பச் சொல்லிருங்க."

தாசையன் தேவாலயத்தில் முப்பது வருஷமாகப் பியானோ வாசிக்கிறவர். எந்தச் சுரத்தையும் கேட்ட மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடுவார். பாளையங்கோட்டையே மெச்சிய காது. லீலா டீச்சர் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் இசையில் சந்தேகம் என்றால் தாசையன் வந்து நிற்பது அவர் வீட்டில்தான்.

"என்ன குறை, அண்ணாச்சி?"

"எல்லாக் கட்டையும் அரைச் சுரம் ஏறிக் கெடக்கு."

"கம்பெனி ஆள் வந்து பார்த்தாங்களே?"

"மூணு தடவை வந்தான். டிஜிட்டல் பியானோவுல கம்பியே கிடையாது, சுருதி எப்படி மாறும்னு எனக்கே பாடம் எடுக்கான்! அவனுக்கெல்லாம் காதா இருக்கு?"

டீச்சர் சுருதி மாறாத எஃகு இசைக்கவையை முழங்காலில் தட்டி அவர் காதருகே பிடித்தார்.

"இதுவும் ஏறியிருக்கு. மட்டமான சரக்கு."

பெட்டியிலிருந்து இன்னொரு கவையை எடுத்துத் தட்டினார்.

"இதுவும்தான்."

"வேற எது ஏறியிருக்கு, அண்ணாச்சி?"

தாசையன் தயங்கினார்.

"நம்ம வீட்டுல. ஞானப்பூ."

கீர்த்தனை என்றால் வாத்தியம் இல்லாமல் முதல் அடியை எடுப்பது அவர் மனைவி ஞானப்பூதான். சபை அதைப் பிடித்துக்கொள்ளும்.

"நாலு மாசமா ஏத்தி ஏத்தி எடுக்கா. பாடகர் குழு முன்னாலயே சொல்லிட்டேன், நீ இனிமே பாட வேண்டாம்னு."

"என்ன சொன்னாங்க?"

"இப்ப அடுப்பங்கரையிலகூடப் பாட மாட்டேங்கா."

டீச்சர் கவையைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"அவங்க எடுத்த பிறகு நீங்க பியானோவுல சேருவீங்கல்லா. ரெண்டும் சேர்ந்துச்சா?"

தாசையன் அந்தப் பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"சேர்ந்துச்சு, டீச்சர்."

தன் காதைத் தொட்டுப் பார்த்தார்.

"கர்த்தாவே, கெட்டது என் காது. அவளைப் போய்ச் சொல்லிட்டேனே."

டீச்சர் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டில் ஞானப்பூ அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீதான் எடுக்கணும்."

அவள் நிமிரவில்லை.

"ஏறிப் போயிருமே."

"நீ எடு, தாயி. நான் உன்னைப் பிடிச்சுக்கிட்டு வாரேன்."