நெருப்பாற்றில் ஓர் ஆசீர்வாதம்

வீடியோ கேம் பைத்தியங்களுக்கென்றே நடந்த ஆன்லைன் கோடை முகாம் அது. பயிற்சியாளர் கஜபதிக்கு வாய்ச்சவடால் ஜாஸ்தி.

"இந்த நெருப்பாற்றை ஒரு தடவைகூட விழாம தாண்டணும். முடியாதவங்க நாளைக்கு முகாமுக்கே வர வேண்டாம்!" என்று திரையில் ஓடிய கேமைக் காட்டி உறுமினார்.

நாற்பது பிள்ளைகளும் வெலவெலத்துப் போனார்கள். அருப்புக்கோட்டை செவ்வந்தி மட்டும் அம்மாவின் கீறல் விழுந்த போனிலிருந்து, "நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார்" என்றாள்.

"உடைஞ்ச போனை வச்சுக்கிட்டு பேச்சைப் பாரு!" என்று சிரித்துக்கொண்டே அவர் ஆரம்பித்தார். திரையில் வீரன் பாறைக்குப் பாறை பறந்தான். திரை மூலையில் தெரிந்த கஜபதி நடுவில் மீசையை முறுக்கிக்கொண்டார். அப்போதும் வீரன் இடறவில்லை. செவ்வந்தி அதைப் பார்த்துவிட்டாள்.

"அடேங்கப்பா சார்! நாங்க எல்லாரும் எழுந்து கும்பிடுறோம். ரெண்டு கையாலயும் ஆசீர்வாதம் பண்ணுங்க."

நாற்பது பேரும் கும்பிட்டதும் கஜபதிக்குத் தலைகால் புரியவில்லை. "நல்லா இருங்க!" என்று இரண்டு கைகளையும் கேமரா முன்னால் தூக்கினார்.

வீரன் பாட்டுக்குத் தாவிக்கொண்டே இருந்தான்.

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கஜபதியின் முகம் வெளுத்தது. தூக்கிய கை இறங்கவே இல்லை.

"கையை அப்படியே வச்சுக்கோங்க சார்," என்றாள் செவ்வந்தி. "உங்களுக்குப் பதிலா விளையாடுறாரே, அவரும் வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கட்டும்."