யானைத் துணியும் குருவின் முதுகும்

ஈரோட்டில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் சீடரானார். பெயர் நாச்சிமுத்து. குரு, ஒரு காலத்தில் அவரிடம் எட்டாம் வகுப்பு படித்த பூவிழி. அந்த நாளில் கணக்குத் தப்பானால் வாத்தியார் அடிக்கமாட்டார், சுவரைப் பார்த்து நிற்கவைப்பார். வகுப்புச் சுவரில் எங்கெங்கே வெடிப்பு என்பது பூவிழிக்கு மனப்பாடம்.

இப்போது பூவிழி வீட்டிலேயே லேசர் மெஷின் வைத்து, அச்சுப் போட்ட துணிகளில் விதவிதமாக உடை வடிவமைத்து, வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார். சட்டை தைக்கக் கொடுக்க வந்த வாத்தியார் அதைப் பார்த்தார். கம்ப்யூட்டர் திரையில் கோடு போட்டால், அதே கோட்டில் ஒளி ஓடித் துணி அறுபட்டது. கத்தரிக்கோலைப் பிடிக்கவே தெரியாத தமக்காகக் கடவுள் அனுப்பிய கருவி இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். அன்றைக்கு விளையாட்டாக "குருவே" என்று கூப்பிட்டது அப்படியே நிலைத்துப் போயிற்று. குரு மட்டும் "சார்" என்பதை விடவில்லை.

வாத்தியாரும் ஒரு மெஷின் வாங்கினார். அது படுக்கையறை முழுவதையும் அடைத்துக்கொண்டது. கட்டில் ஹாலுக்கு வந்தது. விருந்தாளிகள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது.

அவர் மனைவி அம்சவேணி அம்மாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் ஒரு துணியைக் கொண்டுவந்து நீட்டினார். சிவப்பு நிறத்தில் வெள்ளை யானைகள் வரிசை வரிசையாக நடந்துபோகும் துணி. ஆசைப்பட்டு எடுத்தது. கடையில் இருந்த கடைசித் துண்டு.

"தங்கச்சி மக ரிசப்ஷனுக்கு இதுல எனக்கொரு குர்தா தைச்சுக் குடுங்க. நல்லா வந்தா மெஷின் உள்ளேயே இருக்கட்டும். இல்லீன்னா மெஷின் வெளியே, கட்டில் உள்ளே."

வாத்தியார் குருவிடம் ஓடினார்.

"குருவே, துணி கொஞ்சங்கூட வீணாகாம வெட்டறது எப்படி?"

குரு எழுந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

பாவம், சின்ன வயதுப் பழக்கம் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று வாத்தியார் நினைத்தார். பார்க்கச் சங்கடமாக இருந்தது. கண்ணைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால், வெட்டவேண்டிய பாகங்களைக் கம்ப்யூட்டரே நெருக்கி அடுக்கித் துணியை மிச்சப்படுத்தித் தரும். அடடே, இது போதுமே!

"புரிஞ்சு போச்சு குருவே!"

குரு திரும்பாமலே கேட்டார். "நல்லாப் பாத்தீங்களா சார்?"

"நல்லாப் பாத்தேன்."

"சரிங்க சார்" என்றார் குரு, கொஞ்சம் சந்தேகமாக.

வீட்டுக்கு வந்ததும் வாத்தியார் அந்தப் பொத்தானைத்தான் முதலில் அழுத்தினார். குர்தாவின் முன்பக்கம் மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும். பின்பக்கமும் அப்படியே. கம்ப்யூட்டர் பின்பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி, முன்பக்கத்தின் இடுப்போடு ஒட்டிப் படுக்கவைத்தது. இடைவெளியே இல்லை. முப்பது வருஷம் பரப்பளவு சொல்லிக்கொடுத்த மனிதருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

லேசர் சுடும்போது வரும் புகைக்கறை அச்சுப் பக்கத்தில் படக்கூடாது என்று துணியைக் கவிழ்த்துப் போட்டு வெட்டுவதுதான் வழக்கம். அதனால் யானைகள் தரையைப் பார்த்துக் கிடந்தன. தைக்கும்போதும் உள்பக்கம்தான் வெளியே தெரிந்தது. தைத்து முடித்து, புரட்டி, ஹேங்கரில் மாட்டினார். முன்பக்க யானைகள் கம்பீரமாக நடந்தன.

அம்சவேணி அம்மாள் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து பல காலம் ஆகியிருந்தது.

"நல்லாத்தானுங்க இருக்குது. பின்னாடி கொக்கிய மாட்டி விடுங்க" என்று திரும்பினார்.

வாத்தியார் கொக்கியை மாட்டவில்லை. முதுகு முழுக்க யானைகள் கால்களை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தன.

"ஏனுங்க, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. ரிசப்ஷன்ல நீ சுவத்தை ஒட்டியே நின்னுக்க."

அம்சவேணி அம்மாள் கண்ணாடியை நோக்கி நடந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த பேச்சை விட்டுவிடலாம்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் குரு வீட்டு வாசலில் நின்றார்கள். வாத்தியாருக்கு மெஷின் போய்விடும் என்ற துக்கம் ஒரு பக்கம். மனைவி ஆசைப்பட்ட துணி போயிற்றே என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஏன் அம்மிணி, இந்த மனுசனுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தே?" என்றார் அம்சவேணி அம்மாள்.

"உக்காருங்கம்மா, காபி கொண்டாறேன்" என்று குரு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க! அவ முதுகைப் பாருங்க!"

வாத்தியார் பார்த்தார். குரு அன்றைக்கும் போட்டிருந்த அதே பச்சைக் குர்தா. முன்னால் கிளைகளில் கிளிகள் உட்கார்ந்திருந்தன. பின்னால் அத்தனை கிளியும் வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கின.

"நான் முதமுதல்ல வெட்டுனதுங்கம்மா" என்றார் குரு. "நானும் அந்தப் பொத்தானைத்தான் அமுக்குனேன். எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே அன்னைக்கு ஞாபகம் வரலை."

அம்சவேணி அம்மாள் கணவரைப் பார்த்தார். "அப்படி எவ்வளவுதான் மிச்சம் புடிச்சீங்க?"

வாத்தியார் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு. அதில் ஒரே ஒரு யானை, நேராக நின்றது.

அம்சவேணி அம்மாள் முறைத்தார். உதடு துடித்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தத் துண்டைப் பிடுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்காச்சும் ஆச்சே! நான் இதையேதான் போட்டுட்டுப் போவேன். நீங்க என் முதுகை ஒட்டியே பின்னாடி நடந்து வரோணும். பந்திக்கும், போட்டோவுக்கும்."

"மெஷின்?"

"இருந்துட்டுப் போகுது. முன்பக்க யானை நல்லாத்தான நடக்குது."

வாத்தியாருக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கொஞ்சம் ரோஷமும் வந்தது.

"ஏன் குருவே, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எந்திரிச்சுத் திரும்பி நின்னு காட்டுனேனே சார். நீங்க திரையப் பாத்துட்டு இருந்தீங்க."

"நீ சுவத்தைப் பாத்து நின்னா நான் என்னன்னு நினைக்கறது?"

குரு காபி டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"எட்டாங்கிளாஸ்ல மணியடிச்சு எல்லாரும் வீட்டுக்குப் போனப்பறமும் நான் நின்னுட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கும் நீங்க போர்டைத்தான் சார் பாத்துட்டு இருந்தீங்க."