வாசலில் தொங்கிய துணுக்கு

கணையத்துக்குள் ஒரு குட்டித் தீவு இருந்தது. அங்கே ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைச் செல்கள் நிறையக் குடியிருந்தார்கள்; அவர்களில் ஒரு ஆல்ஃபாவும் ஒரு பீட்டாவும் அடுத்தடுத்த வீடு. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் ஏற்றிவிடுவது ஆல்ஃபாவின் வேலை. கூடினால் இன்சுலின் அனுப்பி இறக்குவது பீட்டாவின் வேலை. ஒருத்தி ஏற்ற, ஒருத்தி இறக்க, இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அந்த உடம்பில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குள் செய்யும் புரதத்தில் ஒரு துணுக்கை வாசலில் தொங்கவிட வேண்டும். ரோந்து வரும் வெள்ளையணுக் காவல்காரன் அதைப் பார்த்து, உள்ளே கிருமி எதுவும் குடியேறவில்லை என்று தெரிந்துகொண்டு போவான்.

ஒரு முறை கடும் காய்ச்சல் வந்தது. சர்க்கரை தாறுமாறாக ஏறியது. பீட்டா மூச்சுவிட நேரமில்லாமல் இன்சுலின் புரதத்தை மடித்து மடித்து அனுப்பினாள். அந்த அவசரத்தில் ஒன்று கோணலாக மடிந்துவிட்டது. அதிலும் ஒரு துணுக்கை நறுக்கி வாசலில் மாட்டினாள்.

“ஏண்டி, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. எடுத்து உள்ள போடு,” என்றாள் ஆல்ஃபா.

“நான் செஞ்சதுதானே? இதுல ஒளிக்க என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டு பீட்டா வேலைக்கு ஓடினாள்.

காவல்காரன் வந்தான். துணுக்கைத் தடவிப் பார்த்தான். “இது நம்ம ஊர்ச் சாமான் இல்லையே,” என்றான். அவ்வளவுதான். பீட்டாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரில் துளை போட்டு நஞ்சை உள்ளே விட்டான்.

ஆல்ஃபா ஓடிவந்து பார்த்தாள். நேற்றுவரை மல்லுக்கு நின்றவளின் வீடு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

“அடப்பாவி, அவ இந்தத் தீவுலயே பொறந்தவடா. வேலை அவசரத்துல ஒரு மடிப்பு தப்பிப்போச்சு. அதுக்கா கொன்ன?”

“பக்கத்து வீட்டுக்காரங்க இப்படித்தான் பரிஞ்சு பேசுவாங்க,” என்ற காவல்காரன், அந்தத் துணுக்கின் கோணலை நன்றாக மனசில் பதித்துக்கொண்டு நடந்தான்.

செத்தவளின் வேலை மிச்சமிருந்த பீட்டாக்களின் தலையில் விழுந்தது. அவர்கள் இன்னும் வேகமாக மடித்தார்கள். இன்னும் பல கோணலாயின. வழக்கப்படி அத்தனையையும் வாசலில் தொங்கவிட்டார்கள்.

“கழட்டுங்கடி, கும்பிட்டுக் கேக்குறேன்,” என்று ஆல்ஃபா வீடு வீடாக ஓடினாள்.

“நாங்க என்ன திருட்டு வேலையா பாக்குறோம்?” என்றாள் ஒருத்தி, மடிப்பதை நிறுத்தாமலே.

தெருமுனையில் வந்து நின்ற காவல்காரன் வரிசையாக வாசல்களைப் பார்த்தான். அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது.

“நம்ம ஊருக்குள்ளயே இத்தனை எதிரியா?” என்றவன், துணைக்கு ஆட்களைக் கூப்பிட்டான்.