மூக்குத்தி எந்தப் பக்கம்

“பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க டீச்சர்? ஏன் சொல்லல?”

பக்கிரிசாமியின் குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது. ஐம்பது தாண்டியவன் அழக்கூடாது என்று தொண்டையைச் செருமிக்கொண்டான்.

ரெஜினா டீச்சர் உருளையில் ஒட்டியிருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனைவிட இளையவள். நாகப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனி மாடியில், மரக்கட்டையில் படம் செதுக்கி அச்செடுக்கவும், தாளையும் துணியையும் ஒட்டிப் படம் செய்யவும் சொல்லிக்கொடுக்கிறாள்.

“நல்லா செதுக்கிட்டிருந்தீங்க. நடுவுல பேச மனசு வரலண்ணே,” என்றாள்.

மேசையில் அந்தப் படம் கிடந்தது.

அவனுடைய அண்ணியின் முகம். அம்மா இறந்தபோது பக்கிரிசாமி சின்னப் பையன். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த அண்ணி வேதவல்லிதான் அவனை வளர்த்தாள். அண்ணனும் போன பிறகு ரவிக்கை தைத்துப் படிக்க வைத்தாள்.

நாளை மறுநாள் அவள் நாக்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாள். இனி அங்கேதான்.

நன்றி என்று வாயால் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சொன்னால் அண்ணி, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அதனால்தான் படம்.

தையலை நிறுத்திய அன்று, ரவிக்கை அளவுக்கு வெட்டி வைத்திருந்த பழுப்புத்தாள்களை அண்ணி அடுப்பில் போட்டுவிட்டாள். பரண் மூலையில் தப்பிக் கிடந்தவை கொஞ்சம். முதுகு, கை, கழுத்து என்று ஒவ்வொன்றிலும் அவள் பென்சில் எழுத்து. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து அட்டையில் ஒட்டினான். சுற்றிலும் தைத்து மிஞ்சிய துணித்துண்டுகளை வைத்தான். நடுவில், அவள் எழுத்தின் மேலேயே, அவள் முகத்தைக் கறுப்பு மையில் அச்சிட்டான்.

கட்டையில் செதுக்குவது தாளில் இடம் வலமாக மாறி விழும். அச்சு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது அது. பக்கிரிசாமி அதை மறந்துவிட்டான். முகம் எதிரே எப்படித் தெரியுமோ அப்படியே செதுக்கினான். மாதிரிக்கு ஓர் அச்சு எடுத்தபோதும் மை சீராக விழுந்திருக்கிறதா என்று பார்த்தானே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணிக்கு மூக்குத்தி வலப்பக்கம். படத்தில் அது இடப்பக்கம் இருந்தது. இடது புருவத்தை அறுத்துக்கொண்டு போகும் தழும்பு வலது புருவத்துக்குப் போயிருந்தது. ஒரு பக்கமாகக் கோணும் சிரிப்பு மறுபக்கம் கோணியது.

கூடப் படிக்கும் முபாரக் எட்டிப் பார்த்து, அண்ணிக்குத் தங்கச்சி இருக்கிறதைச் சொல்லவே இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனான். எல்லோரும் சிரித்தார்கள். பக்கிரிசாமியும் சிரித்து வைத்தான். பிறகு போனில் இருந்த அண்ணியின் போட்டோவைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“மாதிரி அச்சு வந்தப்பவே கண்ணுல பட்டிருக்கணும் டீச்சர். படல. அப்ப இத்தனை வருஷமா எதிர்ல உக்காந்து அந்த முகத்துல நான் என்னத்தப் பாத்தேன்?”

டீச்சர் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

முகத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டான். மை தாளுக்குள் இறங்கிவிட்டது என்றாள். மேலே வேறு தாள் ஒட்டலாமா என்றான். ஒட்டலாம், அண்ணி எழுதியதெல்லாம் அடியில் போய்விடும் என்றாள். புதிதாகக் கட்டை செதுக்க நாளும் இல்லை, அச்சிட அந்தத் தாளும் இல்லை.

கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றான்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு பென்சிலை எடுத்து நீட்டி, கீழே பெயர் எழுதச் சொன்னாள்.

“தப்பான படத்துலயா?”

“தப்புன்னு யாரு சொன்னது?”

“கண்ணு இருக்கிற எல்லாரும் சொல்றாங்க.”

“அந்த முகத்த உங்களவிட அதிகமாப் பாத்தவங்க ஒருத்தங்க இருக்காங்கண்ணே. அவங்க சொல்லட்டும்.”

பக்கிரிசாமி யோசித்தான். அண்ணன் போய் வெகுகாலம் ஆகிறது. மகள் சின்ன வயதிலேயே கல்யாணமாகிப் போனவள். தன்னைவிட அதிகம் பார்த்த யாரும் அகப்படவில்லை. கேட்கலாம் என்று நிமிர்ந்தபோது டீச்சர் ஜன்னல்களைச் சாத்தப் போயிருந்தாள்.

கோழி கிளறியது போலப் பெயரை எழுதினான்.

வீட்டில் அண்ணி சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் படத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை.

ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டத் துணி தேடி வந்த அண்ணி, அந்த வேட்டியைப் பிடித்து உருவினாள்.

அவன் கைச்சோறு பாதியில் நின்றது.

அவள் முதலில் தாள்களைப் பார்த்தாள். இது மணியகாரர் வீட்டு மருமகளுக்கு வெட்டியது, இது டிரில் டீச்சருக்கு, அவளுக்குக் கை எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எரித்ததெல்லாம் எப்படி வந்தது என்று கேட்டாள். பரணில் கிடந்தது என்றான்.

பிறகு முகத்துக்கு வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

“அது சரியா வரல அண்ணி. எல்லாம் பக்கம் மாறி…”

“சும்மா இரு தம்பி.”

படத்துக்கு வெகு அருகே குனிந்தாள். புருவத்தை ஒரு விரலால் தொட்டாள். தன் புருவத்தையும் தொட்டாள்.

“கல்யாண போட்டோவிலேர்ந்து ஆதார் கார்டு வரைக்கும் எதுலயும் நான் என்னைய மாதிரி இருந்ததே இல்ல. யாரோ மாதிரி இருப்பேன். இதுலதான் நான் இருக்கேன்.”

“மூக்குத்தி இந்தப் பக்கம் இருக்கு அண்ணி.”

“அங்கதானே இருக்கும்? தினமும் கண்ணாடியப் பாத்துத் தலை சீவுறப்ப இவளத்தானே பாக்குறேன்.”