சேலைக் கரையில் எறும்பு

இளம் பெண் துறவி ஒருவர் நடத்திவந்த சின்ன மடத்தில் சமையல் பார்த்துக்கொண்டு சிஷ்யையாக இருந்தாள் பூரணவல்லி. குருவுக்கு வயது முப்பதுதான், சிஷ்யைக்கு முப்பத்தெட்டு. அதனால் குரு அவளை அக்கா என்பார், அவள் குருவை அம்மா என்பாள்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் காத்திருந்து அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. ஆறாவது மாதம். அவளைப் பெற்றவளுக்குச் சர்க்கரை நோய். உடன்பிறந்தவளுக்குக் கர்ப்பத்திலேயே சர்க்கரை வந்து, யாரும் கவனிக்காமல், பிள்ளை கைக்கு வராமலே போயிற்று.

சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கக் கூப்பிட்டார்கள். போய்விட்டு மத்தியானம் திரும்பியவள், காகிதத்தைக் குருவின் முன்னால் வைத்தாள். சர்க்கரை இல்லை என்று எழுதியிருந்தது.

“நல்லது” என்றார் குரு. அவர் பார்வை அவள் சேலைக் கரையில் நின்றது. கரை நெடுக எறும்பு.

பூரணவல்லி சேலையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மடத்துக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருந்தது. தாய்ச்செடியின் வேரிலிருந்து பெயர்த்து வைத்தது. தாய்ச்செடி கடைசிவரை வெளிறியே நின்றது. கன்றும் அப்படியேதான் வந்தது. துரு ஏறிய ஆணிகளை ஊறப்போட்ட புளித்த மோரைப் பூரணவல்லி நாள் தவறாமல் ஊற்றி வந்தாள். இப்போதுதான் கொழுந்தில் பச்சை ஏறத் தொடங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் மோர்ச் செம்பைக் குரு வாங்கிக்கொண்டார். செடிக்கு எட்டாமல் துவைகல் மேல் கொட்டினார். பிறகு குனிந்து செடியிடம், “குடிச்சாச்சுன்னு சொல்லிடு” என்றார்.

பூரணவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நல்லா இருக்கே அம்மா. வாயால சொல்லிட்டா வேர் நம்பிடுமா?”

சிரித்த வாய் அப்படியே நின்றது. சேலைக் கரையைக் கையில் சுருட்டிக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைப் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் கொட்டியது. அப்புறம் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. இரும்புச் சத்து மாத்திரை அத்தனையும் அரிசிப் பானைக்குப் பின்னால் பிரிக்காமல் கிடப்பது.

“ரத்தத்தோட வர்றது அம்மா. மாத்திரை என்ன பண்ணும்? தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்ன ஆகப்போகுது?”

“இந்தக் கன்னோட தாயும் வெளிறினதுதானே அக்கா. எதுக்கு ஆணி ஊறப்போட்டீங்க?”

“இலையைப் பார்த்தாலே என்ன குறைன்னு தெரியுதே. தெரிஞ்ச பிறகு எப்படிச் சும்மா இருக்கறது?”

குரு காலிச் செம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் பூரணவல்லி நர்ஸிடம் போய் உள்ளதைச் சொன்னாள். என்னை ஏமாத்தினா எனக்கென்னம்மா, வயித்துல இருக்கறதையா ஏமாத்துவே என்று நர்ஸ் கடிந்துகொண்டாள். வேப்பமரத்துக்கு வேண்டுமானால் சர்க்கரை வந்திருக்கும் என்றும் சொன்னாள். இந்த முறை பூரணவல்லி தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

சர்க்கரை இருந்தது.

அழாமல் திரும்பி வந்தாள். டாக்டர் சொன்னதைக் குருவிடம் ஒப்பித்தாள். சோற்றைக் குறைக்க வேண்டும். கீரையும் பயறும் கூட வேண்டும். தினமும் நடை. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது. இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். பிள்ளை பிறக்கிறவரை இதில் ஒன்றைக்கூட விடப்போவதில்லை என்றாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த மாத்திரைகளை எடுத்துச் சாமி மாடத்தில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தாள்.

பிறகு குரல் மட்டும் இறங்கியது.

“இவ்வளவும் செஞ்சா பிள்ளை நல்லபடியா வந்துடுமா, அம்மா?”

குரு கொல்லைப் பக்கம் கை காட்டினார்.

“அது எனக்குத் தெரியாது அக்கா. நேத்து அந்தச் செடி குடிக்கலை. அது தெரியும்.”